வட்டுக்கோட்டைச் செமினரியில் வேதாகமக் கல்வி

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் வட்டுக்கோட்டைச் செமினரியை ஆங்கிலக் கல்வியின் ஊற்றாகவோ, மதமாற்றத்தின் கருவியாகவோ கண்டு அமைந்துவிடுகின்றனர். இரண்டும் உண்மையே. ஆயினும், அங்கு எந்த நூலை மையமாகக் கொண்டு ஏனைய கல்வியெல்லாம் நிகழ்ந்ததோ அந்த நூல் எவ்வாறு கற்பிக்கப்பட்டது, கற்றவர் அதனைக் கொண்டு யாது செய்தனர் என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. கிறித்தவ வேதாகமத்தைக் கற்பித்த ஆசிரியரின் நோக்கமும், கற்ற மாணவரின் பயனும் ஒரே திசையிற் செல்லவில்லை என்பதே அவ்வினாக்களை முதன்மையுடையனவாக்குகின்றது.

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தடைந்தனர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களின் முதல் நிலையங்கள். வட்டுக்கோட்டையிலே ஒல்லாந்தர் காலத்துப் பழைய தேவாலயமும் அதனையடுத்த கட்டடமும் பாழடைந்த நிலையில் அவர்களுக்குக் கிடைத்தன. அவ்விடத்திலேயே 1823இல் டானியல் பூவரின் தலைமையில் உயர்கல்வி நிலையமொன்று தொடங்கப்பட்டது. ஆங்கிலமும் ஐரோப்பிய விஞ்ஞானமும் கற்பித்தல் மட்டும் அதன் திட்டமன்று. தமிழும் வடமொழியும் அங்கு இடம்பெறவேண்டுமென அந்நிலையத்தார் கருதினர். நாட்டின் உயர்ந்த நூல்களை அறியாத கிறித்தவப் போதகனை இந்நாட்டுக் கற்றோர் ஒரு பொருட்டாகக் கொள்ளார் என்பதைப் பூவர் நன்குணர்ந்திருந்தார். அவ்வுணர்வு பாராட்டத்தக்கதாயினும், அது பின்னர் எத்தகைய விளைவுகளுக்கு வழிவகுத்ததென்பது வேறு கதை.

செமினரிக்கு வந்த சிறுவருட் பெரும்பாலோர் சைவக் குடும்பத்தவர். மிஷன் விடுதிப் பாடசாலைகளின் ஆரம்ப ஆண்டுகளிலே பிள்ளைகள் கிறித்தவரின் வளவிற் சமைத்த சோற்றை உண்ண மறுத்தமையால், அயலிலே சைவருக்குரிய காணியிற் சமையற்கூடம் அமைக்க நேர்ந்தது. வேதத்தைக் கேட்கலாம், சோற்றை உண்ணலாகாது என்னும் இந்நிலைப்பாடு இன்று நகைப்பைத் தரலாம். அன்றைய சாதியமைப்பிலே அதுவே பெற்றோர் வகுத்துக்கொண்ட எல்லையாக இருந்தது. மற்றோர் எல்லை பெயரிலே கடக்கப்பட்டது. ஒரு மாணவனின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரியின் பெயரை அம்மாணவனுக்கே சூட்டும் வழக்கம் நிலவியது. ஆர்ணல்ட், கறோல், ஹென்றி மார்ட்டின் முதலிய பெயர்களை யாழ்ப்பாணத்து இளைஞர் தாங்கியதன் பின்னணி இதுவே. சதாசிவம்பிள்ளை ஆர்ணல்ட் ஆனதும் விசுவநாதபிள்ளை கறோல் ஆனதும் இவ்வழியாலேயாம்.

வேதாகம வாசிப்பு நாளாந்த வழிபாட்டோடும் வகுப்போடும் ஒருங்கே பிணைந்திருந்தது. மதம் மாறியவர், மாறாதவர் என்ற வேறுபாடின்றி யாவரும் அதிற் பங்குகொள்ள வேண்டியிருந்தது. இதற்குத் துணையாகக் கிறித்தவ சமயத்தின் மெய்மையை நியாயங்களால் நிறுவும் பாடமும் இருந்தது. அதாவது, நம்பு என்று கூறுவதோடு அமையாது, ஏன் நம்பவேண்டும் என்பதற்குச் சான்று காட்டும் முறை கையாளப்பட்டது. புராணங்களின் பூகோளமும் வானநூலும் பொய்யென நிறுவுவதற்குக் கணிதமும் வான சாத்திரமும் பயன்பட்டன. 1829இல் நிகழ்ந்த சந்திரகிரகணம் பற்றி வட்டுக்கோட்டைப் பஞ்சாங்க கணிதரின் கணிப்பை மறுத்துப் பூவர் வேறு கணிப்பை வெளியிட்டார். கிரகணம் பூவரின் கணிப்பை ஒத்தே நிகழ்ந்தது. பஞ்சாங்கத்தின் பிழை புராணத்தின் பிழையாகும், புராணத்தின் பிழை சமயத்தின் பிழையாகும் என்பதே மிஷனரிமாரின் தருக்கம். இத்தருக்கத்தின் முதற்படியை மாணவர் எளிதில் ஏற்றனர். ஏனைய படிகளில் அவருட் பலர் ஏறவில்லை.

ஒரு நூலைச் சான்று கேட்டு ஆராயும் பழக்கம் பதிந்த பின்னர், அப்பழக்கம் எதிரியின் நூலோடு நின்றுவிடுவதில்லை. அதிகாரம், வசனம் எனப் பகுத்து, ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்புநோக்கி, முரணுமிடத்தைக் குறித்து வாசிக்கும் முறையை மிஷனரிமாரே கற்பித்தனர். அம்முறை அவர்களின் நூலின்மீதே திரும்புவதற்கு நெடுங்காலம் செல்லவில்லை. 1841இல் மிஷனரிமார் தொடக்கிய உதயதாரகை என்னும் இருமொழிப் பத்திரிகை இவ்விவாதங்கள் அச்சேறும் களமாயிற்று.

இத்திருப்பத்தின் தலைசிறந்த உதாரணம் வட்டுக்கோட்டையில் அன்றி யாழ்ப்பாண நகரத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலேயே தோன்றியது. 1822இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் அங்கு கல்வி கற்று, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. ஒரு நூலை மொழிபெயர்ப்பவன் அதனைக் கற்பவனிலும் ஆழமாகக் கற்கிறான். 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன்கோவிலிற் பிரசங்கத்தைத் தொடங்கிய நாவலர், 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் வெளிவந்த அவரது சைவதூஷண பரிகாரம் கண்டன நூல்களில் ஒரு புதிய வகையைச் சார்ந்தது. சைவக் கிரியைகளை மிஷனரிமார் இழித்துரைத்தபோது, எருசலேம் ஆலயத்துக்குப் பழைய ஏற்பாடு விதித்த கிரியைகளையே அவர் எடுத்துக்காட்டினார். ஆலயமும், ஆசாரியரும், பலியும், தூபமும், தீபமும் உங்கள் கடவுளே கட்டளையிட்டவை அல்லவோ என்பதே அவ்வாதத்தின் சாரம். இயேசுவின் வருகையோடு அவ்விதிகள் நிறைவெய்தி ஒழிந்தன என்பது கிறித்தவர் கூறும் விடை. அவ்விடைக்கு அவர்களது இறையியலில் வலுவான இடமுண்டு. ஆனால், கிரியை என்பது இயல்பாகவே அஞ்ஞானம் எனப் பிரசங்கித்தவர்க்கு அவ்விடை எளிதில் உதவவில்லை.

இவ்வாதத்திற்கு மொழிபெயர்ப்பாளரும் அறியாமலே துணைசெய்தனர் எனலாம். வேதம், ஆகமம் என்னும் சைவரின் இருவகை நூற்பெயர்களையும் இணைத்தே கிறித்தவ நூலுக்கு வேதாகமம் எனப் பெயரிட்டனர். ஆலயம், ஆசாரியர், அபிஷேகம், தூபம் ஆகிய சொற்கள் கோவில் வழக்கிலிருந்து அந்நூலிலே புகுந்தன. வேறு சொற்கள் அவர்களுக்கு வாய்த்திருக்கவும் முடியாது. எனவே லேவியராகமத்தைத் தமிழில் வாசித்த சைவ மாணவன் அதிலே அந்நிய நாட்டைக் காணுமுன் தன் ஊர்க் கோவிலையே கண்டிருப்பான்.

வட்டுக்கோட்டை மாணவரின் வரலாறு இதனிலும் சிக்கலானது. கறோல் விசுவநாதபிள்ளை செமினரியிற் கற்று அங்கேயே ஆசிரியராகியவர். தமிழில் வீசகணிதம் எழுதியவர். நாவலரின் நூலை மறுத்துச் சுப்பிரதீபம் இயற்றிக் கிறித்தவத்துக்காக வாதிட்ட அவரே பிற்காலத்திற் சைவராயினார். கிறித்தவச் சூழலில் வளர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் செமினரி மாணவரே. அவரும் சைவத்தைச் சார்ந்தார். இவ்விருவருமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பீ.ஏ. பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை பின்னர் வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். ஏடுகளைத் தேடித் தொகுத்து, பாடங்களை ஒப்புநோக்கி, ஐயம் நேர்ந்தவிடத்து ஐயமென்றே கூறும் அவரது பதிப்பு முயற்சிக்குத் தமிழ்ப் புலமை மரபே அடிப்படையாகும். எனினும், ஒரு நூலின் ஒவ்வொரு வசனத்துக்கும் கணக்குக் கேட்கும் செமினரி வகுப்பிலே இளமையைக் கழித்தமைக்கும் அதற்கும் தொடர்பேயில்லை எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது.

கற்பித்தவரும் மாறாதிருக்கவில்லை. பூவருக்குப் பின் செமினரியின் தலைவராகிய ஹொய்சிங்டன், சைவத்தை மறுப்பதற்கு அதனை மூலநூல்வழி அறிதல் வேண்டுமெனக் கண்டு சித்தாந்த நூல்களைப் பயின்றார். சிவஞானபோதத்தை அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. சைவச் சிறுவருக்கு வேதாகமம் கற்பிக்க வந்தவர் அமெரிக்கருக்குச் சைவசித்தாந்தம் கற்பித்தவராயினார்!

இவ்விளைவுகளைப் பொஸ்ரனிலிருந்த தலைமைச் சங்கத்தார் மகிழ்ச்சியோடு நோக்கவில்லை. ஆங்கிலங் கற்ற இளைஞர் போதகராகாமல் அரசாங்க உத்தியோகம் நாடினர். படிக்குங் காலத்துச் சபையிற் சேர்ந்தோருட் சிலர் வெளியேறியபின் திருநீறணிந்து விவாகஞ் செய்தனர். சீதனமும் சாதியும் சமய மாற்றத்தினும் வலியனவாய் நின்றன. சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் 1855இல் நேரில் வந்து ஆராய்ந்தார். கிராமத்தவருக்கு அவர்தம் மொழியிற் போதிப்பதே மிஷனின் பணியென்பது அவரது கொள்கை. அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. கொள்கையளவில் தாய்மொழிக்குச் சார்பான இம்முடிவு, தமிழை உயர்தரத்திற் கற்பித்த நிலையமொன்றையே மூடுவித்தது என்பதை அண்டர்சன் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

மூடிய கதவைத் திறக்க முன்னின்றோருள் முதன்மையானவர் பழைய மாணவரே. அவர்களின் முயற்சியோடு மிஷனரிமாரின் ஆதரவும் சேர, 1872இல் அதே வளவிலே யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. வேதாகம வகுப்பும் மீண்டும் தொடங்கியது. சைவப் பெற்றோர் அதனை நன்கறிந்தே தம் பிள்ளைகளைச் சேர்த்தனர்.