வீட்டு ஊறுகாய் ஜாடிகளைப் பாதுகாப்பாக வைத்திருத்தல்: போடி நகருக்கும் ஏலமலைத் தோட்டங்களுக்கும்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் மாங்காய்ப் பருவத்தில் போடப்படும் ஊறுகாய், பல வீடுகளில் ஆண்டு முழுவதும் இருக்கும். போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோரின் சாப்பாட்டுடனும் அது மலையேறுகிறது. அதைக் கெடாமல் காப்பவை புளிப்பும் உப்புமே. இறுகிய மூடியோ மேலே மிதக்கும் எண்ணெயோ அல்ல.

எண்ணெய், காற்றைத் தடுத்துப் பூஞ்சையைக் குறைக்கும். ஆனால் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் கிருமி, காற்றில்லாத இடத்தில்தான் வளர்கிறது. அதன் நச்சு நரம்புகளைத் தாக்குவதால் உண்டாகும் நோய் பொட்டுலிசம். இது அரிதான நோய். ஆயினும் மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. 1996ஆம் ஆண்டு குஜராத்தில் ஓர் உறைவிடப் பள்ளி மாணவர்கள் 34 பேர் இத்தகைய நச்சால் பாதிக்கப்பட்டனர், மூவர் இறந்தனர். அங்கு ஐயத்திற்குள்ளான உணவு, சேமித்து வைத்த சேவு.

எவற்றைப் புட்டியில் அடைக்கக் கூடாது?

பி.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருக்கும் புளிப்பான உணவில் இக்கிருமி வளர்வதில்லை. மாங்காய், எலுமிச்சை, நெல்லி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பூண்டு, காளான், காய்கறி, மீன், இறைச்சி ஆகியவற்றில் இயல்பான புளிப்பு போதாது. பச்சைப் பூண்டை எண்ணெயில் மட்டும் ஊறவைத்து அலமாரியில் வைப்பது ஆபத்தானது. போதிய புளியோ எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்க்க வேண்டும்.

புட்டியைக் கொதிநீரில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இக்கிருமியின் வித்துகள் 100 டிகிரி செல்சியஸிலும் பிழைக்கும். அவற்றை அழிக்க அழுத்தத்துடன் கூடிய 121 டிகிரி வெப்பம் தேவை. ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரமுள்ள போடிமெட்டில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். மலையில் பருப்பு வேகத் தாமதமாவதும் இதனால்தான். வீட்டுக் குக்கரில் வெப்பம் புட்டியின் நடுப்பகுதி வரை சென்றதா என அறியவும் வழியில்லை. ஆகவே புளிப்பில்லாத உணவுகளை வீட்டில் அடைத்துச் சேமிப்பதைத் தவிர்க்கவும்.

உப்பைக் குறைக்கும் வீடுகள்

உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவருக்காக உப்பைக் குறைத்து ஊறுகாய் போட்டு, பழையபடியே மாதக்கணக்கில் ஜாடியில் வைப்பது அக்கறையால் நேரும் தவறு. மாங்காய் ஊறுகாய்க்குக் கிலோவுக்குப் பொதுவாக 150 முதல் 200 கிராம் வரை சேர்க்கப்படும் உப்பு, சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. அதைக் குறைத்தால் சிறிதளவே செய்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்திற்குள் உண்ண வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நோயாளிக்கு ஊறுகாயைத் தவிர்ப்பதோ, மருத்துவர் அனுமதித்தால் துளியளவு கொடுப்பதோ எளிய வழி. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

மலையில் வைக்கும்போது

போடியின் வெயிலில் துணி கட்டி வைத்த ஜாடி நன்றாகவே இருக்கும். அதே ஜாடி, சாரலும் மூடுபனியும் உள்ள தோட்டக் குடியிருப்பில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பில் உப்பு நீர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை புளிப்பையும் குறைத்துவிடும். எனவே அதை வழித்தெறிந்துவிட்டு மீதியை உண்ணாதீர்கள், முழுவதையும் அப்புறப்படுத்துங்கள். மலைக்குச் சிறு கண்ணாடிப் புட்டிகளில் இரண்டு வாரத்திற்கு வேண்டியதை மட்டும் கொண்டு செல்லுங்கள். அடுப்பருகிலோ தகரக் கூரையை ஒட்டியோ வைக்க வேண்டாம். உலர்ந்த கரண்டியையே பயன்படுத்துங்கள். அலுமினியம், பித்தளைப் பாத்திரங்கள் கூடாது.

ஊறும் தொடக்க நாள்களில் குமிழி எழுவது இயல்பு. பின்னர் மூடி உப்பினாலோ, திறக்கும்போது பீறிட்டாலோ அதைச் சுவைத்துப் பார்க்காதீர்கள். பொட்டுலிச நச்சு மணத்திலோ சுவையிலோ தெரியாமலும் இருக்கலாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

இமை தொங்குதல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்க இயலாமை, கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பரவும் தளர்ச்சி. பொதுவாக 12 முதல் 36 மணி நேரத்தில் தொடங்கும். சில நாள்கள் கழித்தும் வரலாம். பெரும்பாலும் காய்ச்சல் இராது. நச்சுமுறி மருந்தை விரைவில் செலுத்தினால்தான் பயன் மிகுதி. மலையிறங்கவே நேரமாகும் என்பதால் விடியட்டும் எனக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். விழுங்க இயலாதவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். ஐயத்திற்குரிய ஜாடியை மூடி, பையில் கட்டி உடன் எடுத்துச் செல்லுங்கள். அதே உணவை உண்ட மற்றவர்களையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.