மகரத்தில் கூடிய கோள்களும் அந்தமான் கடலில் பிறந்த புயலும்

1962 பிப்ரவரித் தொடக்கத்தில் சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கேது ஆகிய எட்டும் மகர ராசியில் கூடின. இந்த அட்டகிரகச் சேர்க்கையால் பேரழிவு நேரும் என்ற அச்சம் இந்தியாவெங்கும் பரவியது. அதைத் தணிக்க யாகங்களும் கூட்டு வழிபாடுகளும் நடந்தன. குறித்த நாள்கள் கடந்தன. அஞ்சிய அழிவு நேரவில்லை.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, மார்கழியில், கடல் உண்மையாகவே பொங்கியது. 1964 டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாயிற்று. அது வலுப்பெற்று மேற்கே நகர்ந்து, இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற ரயில் பயணிகளோடு கடலில் மூழ்கியது. ஊர் அழிந்தது.

அப்போது குரு மேஷத்திலும் சனி கும்பத்திலும் சூரியன் தனுசிலும் இருந்தன. 1962இல் கண்டதைப் போன்ற சேர்க்கை எதுவும் இல்லை. 19ஆம் நாள் முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது உண்மையே. எனினும் தாழ்வுநிலை அதற்கு இரண்டு நாள் முன்பே தோன்றிவிட்டது. பின்னர் நிகழ்ந்ததை முன்னதற்குக் காரணமாக்க இயலாது.

கோள்நிலை விளக்கத்தின் அடிப்படைக் குறையும் இங்கேதான் உள்ளது. மகரத்தில் கோள்கள் கூடினால், அக்கூட்டம் கார் நிக்கோபாருக்கும் ராமேசுவரத்துக்கும் லண்டனுக்கும் பொதுவானது. புயலுக்கோ பிறப்பிடம் உண்டு, வழி உண்டு. குளிர்காலத்தில் வட இந்தியப் பெருங்கடலின் வடபகுதி குளிர்ந்துவிட, அந்தமானின் தென்கடல் வெப்பம் குன்றாமல் இருக்கிறது. அங்கு எழும் ஈரக்காற்று மேலே குளிர்ந்து மழையாகும்போது வெளிப்படும் வெப்பம் தாழ்வுநிலையை வலுப்படுத்துகிறது. புவியின் சுழற்சி அதனைச் சுழலச் செய்கிறது. கீழைக்காற்று மேற்கே செலுத்துகிறது.

மரபு முழுவதும் கோள்பலனாக இருந்ததில்லை. மார்கழியில் சூரியன் பூராடத்தில் செல்லும் ஏறத்தாழ 14 நாள்களில் மேகத்தையும் காற்றையும் நோக்கி அடுத்த மழையைக் கணிக்கும் கர்ப்போட்ட வழக்கம் தமிழகத்தில் உண்டு. 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரரும் மேகக் கருவைப் பற்றி எழுதி, அது மழையாக 195 நாள்களைக் குறித்தார். அக்கணிப்பு சரியோ தவறோ, நாள் குறித்துச் சொல்வதால் அதனைச் சோதிக்க முடியும். நிகழ்வுக்குப் பின் தேடப்படும் கோள்நிலைக்கு அந்தச் சோதனை இல்லை.

1962இல் ஒரு நாடு நாள் குறித்து அஞ்சியது. 1964இல் ஆறு நாள் பயணம் செய்து வந்த புயலைப் பற்றிய எச்சரிக்கை அந்த ரயிலை நிறுத்தவில்லை. காக்க வேண்டிய உயிர்களுக்கு, மகர ராசியைவிட அந்தமான் கடலே நோக்கத் தக்கதாக இருந்தது.