தவழும் பிள்ளை, தாவும் பூனை

மலேசியாவின் சாலாக் செலாத்தானில் உள்ள பழைய வரிசை வீடுகளில் முன்வாசல் இரும்புக் கிரில் திருடனுக்காகப் போட்டது. வீட்டில் பிள்ளை தவழத் தொடங்கியதும் அதே கிரில்லிடம் வேறு இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறோம். பிள்ளை வெளியே போகக் கூடாது. பூனை போய் வர வேண்டும். ஒரே கம்பி இடைவெளி இரண்டையும் செய்து தருமா? இதற்கு விடை காண இரண்டு உடல்களையும் அருகருகே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பூனைக்குத் தலையே அளவுகோல். அதன் காறை எலும்பு வேறு எலும்போடு மூட்டாகச் சேராமல் தசைக்குள் கிடப்பதால், தலை நுழைந்த சந்தில் தோளும் நுழைந்துவிடும். பிள்ளைக்கு இது தலைகீழ். உடல் நுழைந்துவிடும், தலை நின்றுவிடும். கால் முதலில் இறங்கி, வயிறும் மார்பும் வழுக்கி வந்து, கடைசியில் மோவாய் மாட்டிக்கொள்ளும்போதுதான் மூச்சுக்கு ஆபத்து. தொட்டில் கட்டிலின் கம்பிகளுக்கிடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடம் விடக் கூடாது என்ற விதி இதனால் வந்தது. அமெரிக்க விளையாட்டுத் திடல் வழிகாட்டி 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையிலான திறப்புகளைத் தலை சிக்கும் இடங்களாகக் கணக்கிடுகிறது. வளர்ந்த பூனை வசதியாகப் போய் வரும் துளையும் ஏறக்குறைய இந்த அளவில்தான் தொடங்குகிறது. பூனைக்கு வாசலாவது பிள்ளைக்குக் கண்ணி. மாடிப்படித் தடுப்பைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பொருத்தி, கீழே பூனைக்கு வழி விட்டதாகச் சிலர் மகிழ்வதுண்டு. அந்த ஒரு சாண்தான் கண்ணியின் அளவு.

வழியைக் கீழே தேடாமல் மேலே தேடினால் சிக்கல் பாதி அவிழ்கிறது. கடைகளில் கிடைக்கும் தடுப்புகள் சுமார் 75 சென்டிமீட்டர் உயரம். நடை பழகும் பிள்ளைக்கு அது மதில். நல்ல உடல்நிலையில் உள்ள பூனைக்கு ஒரே தாவல். துளையே தேவையில்லை. தரை பிள்ளைக்கு, உயரம் பூனைக்கு என்று வீட்டைக் கிடைமட்டமாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். பூனையின் மணல் தட்டும் தடுப்புக்கு அப்பால், பின்பக்கக் குளியலறையில் இருக்கட்டும். பூனை மலத்தில் வெளிவரும் டாக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலையை அடைய ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும்; மணலைத் தினமும் அள்ளிவிட்டால் அதற்கு அவகாசம் இராது. மூட்டு தேய்ந்த கிழட்டுப் பூனை இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காது. அதற்கென்று முக்காலி போட்டால் முதலில் ஏறுவது பிள்ளையாகத்தான் இருக்கும்.

ஆனால் உயரம் பாதைகளைத்தான் பிரிக்கும், பொருள்களைக் காக்காது. “எட்டாத உயரத்தில் வை” என்பது பிள்ளை உள்ள வீடுகளின் முதல் விதி. சாமி மேடையையே எடுத்துக்கொள்ளுங்கள். கற்பூரம், விளக்கெண்ணெய், தீப்பெட்டி எல்லாம் பிள்ளையின் கைக்கு மேலே பத்திரமாக இருக்கின்றன. பூனையோ அங்கே எட்டும்; எட்டியதைக் காலால் தள்ளிப் பார்க்கும்; தள்ளியது தரையில், பிள்ளையின் எல்லையில் விழும். தவறி விழுங்கிய சிறிதளவு கற்பூரமே குழந்தைக்கு வலிப்பு வரவழைக்கும். பூனைக்கும் அது நஞ்சு. இருவரில் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் போதுமான காவல், இருவரும் சேர்ந்த வீட்டில் போதாமல் போகிறது. இங்கே காப்பது மூடிய கதவு மட்டுமே. அதிலும் கீழே அழுத்தித் திறக்கும் நீள் கைப்பிடியை இருவருமே கற்றுக்கொள்கிறார்கள், ஒருவர் கையால் இழுத்து, மற்றவர் தொங்கி. உருண்டைப் பிடி பூனையை நிறுத்தும்; பிள்ளையை, அதைத் திருகக் கற்கும்வரை நிறுத்தும்.

உடலமைப்பில் எதிரெதிராக நின்ற இருவரும் கல்லீரலிலும் இரத்தத்திலும் உறவினர்களாகிவிடுவதுதான் எனக்கு வியப்பு. பல மருந்துகளைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. பிறந்த குழந்தையின் கல்லீரல் இதில் இன்னும் தேறியிருக்காது. பச்சிளம் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பிள்ளை சில மாதங்களில் தேறிவிடுகிறது. பூனையோ இந்த வேலையின் ஒரு பகுதியை ஆயுள் முழுக்கச் செய்ய முடியாமலே வாழ்கிறது. ஆகவே, அளவறிந்து கொடுத்தால் பிள்ளையின் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால், சிறிதளவிலேயே பூனையைக் கொல்லும்.

இரத்தத்திலும் இதே ஒற்றுமை. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதிக்கான சோதனை செய்வது வழக்கம். குறைபாடு இருந்தால், பீரோவில் பாச்சை உருண்டை வேண்டாம் என்று பெற்றோருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அந்த உருண்டையில் உள்ள நாப்தலீன், குறைபாடுள்ள பிள்ளையின் சிவப்பணுக்களை உடைக்கும். குறைபாடு இல்லாத பூனைக்கும் ஏறக்குறைய அதே கதிதான். அதன் ஹீமோகுளோபின் ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் இரையாகக்கூடியது. வெங்காயமும் பூண்டும் அதற்கு ஆகாதது இதனால்தான். பாச்சை உருண்டையைப் பொறுத்தவரை ஒரே அறிவுரை இருவருக்கும் பொருந்தும்.

அடுக்குமாடிக்கு வருவோம். இங்கே நியூயார்க் இரட்டைச் சாட்சி சொல்கிறது. பிள்ளைகள் சன்னலிலிருந்து விழுந்து இறந்ததைக் கண்டு, 10 வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகள் வாழும் அடுக்குமாடி வீடுகளில் சன்னல் தடுப்பை 1976இல் அந்த நகரம் கட்டாயமாக்கியது. அதே நகரில், மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987இல் வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்திருந்தன. விழுந்த இடத்திலேயே செத்தவை அந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதை மறக்க வேண்டாம். பூனை காற்றில் புரண்டு காலூன்றும்; தலைபாரம் மிகுந்த பிள்ளை எட்டிப் பார்த்தபடி தலைகுப்புறச் சாயும். எனினும் பூனையின் திறமையை நம்பிப் பால்கனியைத் திறந்துவிடுவது நியாயமில்லை. அங்கே போய் வரும் வழி என்று ஒன்று இல்லை. அடைப்பதில் இருவருக்கும் ஒரே அளவு போதும்.

ஆகவே பால்கனிக்குக் கிரில் போடும்போது பட்டறைக்காரரிடம் இரண்டு அங்குல இடைவெளி என்று தெளிவாகச் சொல்லுங்கள். குட்டிப் பூனைக்கு அதுவும் போதாது, வலை வேண்டும். நெட்டுக்கம்பியையே கேளுங்கள், படுக்கைக் கம்பியும் பூ வேலையும் பிள்ளைக்கு ஏணி. வாசல் கிரில்லைப் பூட்டினால் சாவியைப் பெரியவர்கள் இருட்டிலும் எடுக்கக்கூடிய இடத்தில், கதவருகே ஆணியில் மாட்டுங்கள். தீப்பிடித்தால் பொம்பா (தீயணைப்பு) வண்டி வந்து சேரும்வரை வெளியேறும் வழி அது ஒன்றுதான்.