திகம்பர சாமியாருக்கு முன்னும் பின்னும்

துப்பறியும் கதை என்றதும் நம்மில் பலருக்கு சங்கர்லால், கணேஷ்-வசந்த், அப்புறம் ராஜேஷ்குமாரின் விவேக் ஞாபகம் வரும். இவர்களுக்கெல்லாம் தாத்தாக்கள் உண்டு. ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-லேயே வந்துவிட்டது. அதில் கோவிந்தன் துப்பறிந்தார். ஆரணி குப்புசாமி முதலியார் ஷெர்லாக் ஹோம்ஸை ஆனந்தசிங் ஆக்கினார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் துப்பறியும் வேலையை ஒரு சாமியாரிடமே கொடுத்துவிட்டார். மயிலாப்பூர் அல்லயன்ஸ் இவற்றில் பலவற்றை மறுபதிப்பாகப் போட்டிருக்கிறார்கள். பழைய பதிப்பைத்தான் பார்ப்பேன் என்பவர்களுக்கு, அடையாறிலிருந்து கூப்பிடு தூரத்தில் தரமணி ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது.

நான் விட்டு விட்டுப் படிக்கிற ஆள். வடுவூராரின் 'மேனகா'வை மட்டும் கீழே வைக்க முடியவில்லை. ஆனால் படிக்கப் படிக்கக் கோபமும் வந்தது. ஒரு வக்கீலின் மனைவியை நாத்தனார்களே சூழ்ச்சி செய்து விற்றுவிடுகிறார்கள். வாங்குபவர் ஒரு முஸ்லிம் பணக்காரர். அந்தக் காலத்து முன்முடிவு அப்படியே பல்லிளிக்கிறது. சரி, இதோடு மூடிவிடலாம் என்று நினைக்கும்போது, மேனகாவைக் காப்பாற்ற வருவது அதே மனிதரின் மனைவி நூர்ஜஹான். வில்லனை எழுதியபோது சோம்பேறித்தனம் காட்டிய பேனா, நூர்ஜஹானிடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. இரண்டையும் எழுதியது ஒரே கை என்பதுதான் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

நடை? கதாநாயகி உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பாள், ஆசிரியர் நிதானமாக உபதேசம் செய்வார். இந்தப் பழக்கத்தின் வேர் லண்டனில் இருக்கிறது. ஜி.டபிள்யூ.எம். ரெய்னால்ட்ஸ் 1844-லிருந்து 'மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்' தொடரை வாராவாரம் ஒரு பென்னிக்கு விற்றவர். அடுத்த வாரமும் வாங்க வைக்க வேண்டும், அதனால் கதை இழுபடும். ஒழுக்கக்கேட்டை விலாவாரியாகக் காட்டிவிட்டுக் கடைசியில் கண்டிக்கவும் வேண்டும். நம்மவர்கள் ரெய்னால்ட்ஸைத் தழுவியபோது கதையோடு இந்த இரட்டை வேஷமும் கப்பலேறி வந்தது.

இதையெல்லாம் குப்பை என்று அப்போதே ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளும் அதற்கு முன் 'குமுதவல்லி' எழுதியவர்தான். அதன் மூலம் அதே ரெய்னால்ட்ஸின் 'லெய்லா'! புலவர் வீட்டு அலமாரியிலும் ரெய்னால்ட்ஸ் இருந்திருக்கிறார் என்று நினைக்கும்போது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கிறது.

மறுபதிப்பில் உறுத்தும் இடங்களை வெட்டிவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. வெட்டினால், நம் கொள்ளுப்பாட்டிகள் எதைப் படித்துச் சிரித்தார்கள், எதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்று தெரியாமலே போய்விடும். வேண்டுமானால் ஒரு நல்ல முன்னுரை சேர்க்கட்டும்.

சினிமா இவற்றைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய 'மேனகா' 1935-ல் படமானது; என்.எஸ்.கிருஷ்ணனுக்கு அதுதான் முதல் படம். 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'திகம்பர சாமியார்' எடுத்தபோது, பின்னாளில் வில்லனாகவே நாம் அறிந்த நம்பியார்தான் துப்பறிபவர், அதுவும் பல வேஷங்களில். அதற்கு மூலமான 'கும்பகோணம் வக்கீல்' இப்போது என் மேஜையில் இருக்கிறது. இரண்டு அத்தியாயம் முடிந்திருக்கிறது. வக்கீல் மேல்தான் எனக்குச் சந்தேகம்.