ஒரு வாரம் வகுப்பில், ஒரு வாரம் பட்டறையில்



பல்கலைக்கழகத்திலோ பாலிடெக்னிக்கிலோ படிக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து, "அம்மா, அடுத்த தவணை வகுப்பு இல்லை, ஒரு கம்பெனியில் லத்திஹான் இண்டஸ்திரி செய்ய வேண்டும்" என்று சொன்னவுடன், தோட்டத்திலும் தோட்டத்தை விட்டு வந்தவர்களின் குடியிருப்புகளிலும் எழும் முதல் கேள்வி, "சம்பளம் கொடுப்பார்களா?" என்பதுதான். நியாயமான கேள்வி. இந்தத் தொழிற்பயிற்சி முறை எங்கே, எதற்காகத் தோன்றியது என்று பார்த்தால் விடையும் தெரியவரும்.

வேலை செய்துகொண்டே கற்பது நமக்குப் புதிதன்று. பால்மரம் சீவும்போது கத்தி சற்று ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். அந்த அளவைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். கப்பலேறி வந்த சின்னத்துரைமாரும் அப்படித்தான் தொழில் கற்றார்கள். விடியற்காலைப் பெரட்டில் நின்று, நம் பாட்டன் பாட்டிமாரிடம் தமிழ் பேசப் பழகி, தமிழ்ப் பரீட்சையும் எழுதினார்கள். பழகும் காலத்திலும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு.

கல்லூரிப் படிப்போடு தொழிற்சாலை வேலையைச் சேர்த்து நடத்தும் முறை இங்கிலாந்தில் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரியில் 1903-லேயே இருந்தது. ஆயினும் அதனை உலகறியச் செய்தவர் அமெரிக்கரான ஹெர்மன் ஷ்னைடர். 1872-இல் பென்சில்வேனியாவில், நிலக்கரிச் சுரங்க ஊரான சம்மிட் ஹில்லில் பிறந்தவர். லீஹை பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். பட்டம் பெற்றுச் சென்றவர்களில் நன்கு முன்னேறியவர்கள் பெரும்பாலும் படிக்கும்போதே ஏதேனும் ஒரு வேலை பார்த்தவர்கள் என்பதை அங்கே அவர் கவனித்தார்.

1903-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இயந்திரக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்த நகரம் அது. "கல்லூரிக்குள் விலையுயர்ந்த பட்டறை கட்டுவானேன்? கட்டி முடிப்பதற்குள் அந்த இயந்திரம் பழசாகிவிடும். பக்கத்துத் தொழிற்சாலையில் புது இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறதே!" என்பது அவருடைய வாதம். நிர்வாகக் குழு தயங்கியது. ஓராண்டு நடத்திப் பாருங்கள், தோற்றால் நாங்கள் பொறுப்பல்ல என்று எழுதியே அனுமதி கொடுத்தது!

1906-இல் 27 மாணவர்களோடு திட்டம் தொடங்கிற்று. மாணவர்களை இருவர் இருவராகச் சேர்த்தார். ஒருவன் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவன் பட்டறையில் இருப்பான். அடுத்த வாரம் மாறிக்கொள்வார்கள். இயந்திரம் ஆளின்றி நிற்காது, முதலாளிக்கும் நட்டமில்லை. நான்காண்டுப் படிப்பு ஆறாண்டாக நீண்டது உண்மை. ஆனால் மாணவர் செய்த வேலைக்குக் கூலி கிடைத்தது. அந்தக் கூலியால் ஏழைப் பிள்ளைகளும் படிக்க வழி பிறந்தது.

பின்னர் பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் 1909-இலும், கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இலும் இம்முறையை ஏற்றன. நமக்கு அருகில், சிங்கப்பூரில் 1981-இல் தொடங்கிய நன்யாங் தொழில்நுட்பக் கழகம் பொறியியல் மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பிப் பழக்கியது. ஆசிரியர்களாகிய நாங்களும் பயிற்சிக் கல்லூரிக் காலத்தில் பள்ளிகளுக்குச் சென்று பாடம் நடத்தியவர்கள்தாம். நாற்பது பிள்ளைகள் முன் நின்றபோதுதான், குறிப்பேட்டில் அழகாக எழுதிய பாடத்திட்டம் எத்தனை நிமிடம் தாங்கும் என்று தெரிந்தது.

பயிற்சியால் வேலை கிடைக்குமா? உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டணத்து வக்கீல் மகளுக்கு ஆபீசில் தெரிந்த மாமா ஒருவர் இருப்பார். பால் வெட்டுகிறவர் மகளுக்கு அப்படி யாரும் இல்லை. அந்தச் சில மாதங்களில் அவள் உழைப்பை நேரில் கண்ட மேலாளர்தான் அவளுக்காகப் பேசக்கூடிய முதல் ஆள். இந்த வேலை தனக்கு ஒத்துவராது என்று அவள் தெரிந்துகொண்டாலும் அது இலாபமே.

இனி, சம்பளக் கேள்விக்கு வருவோம். ஷ்னைடரின் மாணவர்கள் கூலி பெற்றார்கள். இன்று சில நிறுவனங்கள் அலவன்ஸ் தருகின்றன, சில தருவதில்லை. காப்பி கலக்கவும் தாள்களை நகலெடுக்கவும் மட்டும் பிள்ளையை வைத்திருப்பது பயிற்சியே அல்ல என்பது எங்கள் கருத்து. ஆகவே இடத்தை ஒப்புக்கொள்ளுமுன் மூன்றைக் கேட்டு வரச் சொல்லுங்கள்: அலவன்ஸ் எவ்வளவு, வேலை கற்றுக்கொடுப்பவர் யார், விபத்து நேர்ந்தால் காப்புறுதி உண்டா. அலவன்ஸ் இல்லையென்றால் அறை வாடகையும் பஸ் கட்டணமும் எவ்வளவு ஆகும் என்று பிள்ளையோடு உட்கார்ந்து, முதல் தவணையிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள்.