ஆற்று மிதவைப் பயணமும் கம்பிவடச் சறுக்கும்

ஆற்று மிதவைப் பயணமும் கம்பிவடச் சறுக்கும் என்பது, வழிகாட்டியின் துணையுடன் விரைந்து பாயும் ஆற்றில் காற்றடைத்த மிதவையில் சென்று, அதே நாளில் பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டப்பட்ட எஃகு வடத்தில் தொங்கியபடி சறுக்கிக் கடக்கும் ஒரு நாள் சாகசச் சுற்றுலா ஆகும். பேச்சு வழக்கில் முன்னது ராஃப்டிங் என்றும் பின்னது ஜிப் லைன் என்றும் வழங்கப்படுகின்றன. வட இந்தியாவில் சறுக்கு வடத்தை ஃபிளையிங் ஃபாக்ஸ் என்றும் அழைப்பர். இந்தியாவில் இவ்விரண்டையும் ஒரே நாளில் மேற்கொள்ளக்கூடிய இடங்களுள் உத்தராகண்ட் மாநிலத்தின் ரிஷிகேஷ் நன்கு அறியப்பட்டது.

மிதவைப் பயணத்துக்கு மூன்று தேவைகள் உள்ளன. அவை ஆண்டின் பெரும்பகுதியும் ஓடும் நீர், ஆற்றுப் படுகையின் சரிவு, நீரோட்டத்தை அறிந்த வழிகாட்டி என்பன. முதல் இரண்டும் இல்லாத அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட சமவெளிப் பகுதிகளில் இப்பயணம் நடைபெறுவதில்லை. எனினும் மிதவை வழிகாட்டிகள் பயிலும் நீரோட்ட அறிவு, அப்பகுதிகளின் தடுப்பணைகளிலும் கண்மாய்க் கலிங்குகளிலும் இறங்குவோருக்கும் பயன்படுவதாகும்.

வரலாறு

மரக்கட்டைகளையும் மூங்கிலையும் பிணைத்துச் செய்த தெப்பங்கள் பழங்காலம் முதலே ஆறுகளைக் கடக்கப் பயன்பட்டு வந்தன. இரப்பரால் ஆன காற்றடைத்த மிதவையை 1842 ஆம் ஆண்டில் அமெரிக்க நில அளவையாளர் ஜான் ஃபிரெமான்ட் பிளாட் ஆற்றில் பயன்படுத்தினார். அப்பயணத்தின்போது மிதவை கவிழ்ந்து கருவிகள் பலவற்றை அவரது குழு இழந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், படைத்துறையில் எஞ்சிய இரப்பர் மிதவைகள் அமெரிக்காவின் கொலராடோ முதலிய ஆறுகளில் சுற்றுலாவுக்குப் பயன்படத் தொடங்கின.

1977 ஆம் ஆண்டில் எட்மண்ட் ஹிலாரி தலைமையிலான குழுவினர் வங்காள விரிகுடாவிலிருந்து கங்கையின் போக்குக்கு எதிராக ஜெட் படகுகளில் மேலேறிச் சென்றனர். நந்தப்பிரயாகை அருகே இருந்த அருவி அவர்களது படகுகளைத் தடுத்து நிறுத்தியது. மிதவைப் பயணம் இதற்கு நேர்மாறானது. அது மலையிலிருந்து சமவெளியை நோக்கி நீரின் போக்கிலேயே செல்வது.

விரைவோட்டம் உருவாகும் விதம்

ஆற்றுப் படுகை திடீரெனச் சரியும் இடத்திலும், கரைகள் நெருங்கி ஆறு ஒடுங்கும் இடத்திலும், பாறைகள் குறுக்கிடும் இடத்திலும் நீரின் வேகம் கூடுகிறது. வேகமாக வரும் நீர் மெதுவாக ஓடும் நீருடன் மோதும்போது அலைகள் எழுகின்றன. காற்றுக் குமிழிகள் கலப்பதால் நீர் வெண்ணிறமாகத் தோன்றுகிறது. இத்தகைய பகுதி விரைவோட்டம் எனப்படும்.

பாறையின் பின்புறத்தில் நீர் எதிர்த்திசையில் சுழன்று அமைதியாக நிற்கும் இடம் எதிர்ச்சுழல் ஆகும். மிதவையை ஒதுக்கி நிறுத்த வழிகாட்டிகள் இதனைப் பயன்படுத்துவர். பாறையின் மேல் வழிந்து விழும் நீர் அடியில் அமிழ்ந்து, மேற்பரப்பில் மீண்டும் பாறையை நோக்கியே திரும்பும் இடம் உருள்சுழல் ஆகும். இது மிதவையையும் மனிதரையும் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையது. இவ்விரண்டையும் தொலைவிலிருந்தே வேறுபடுத்தி அறிவது வழிகாட்டியின் முதன்மையான திறன் ஆகும்.

தரவரிசை

விரைவோட்டங்கள் பன்னாட்டு அளவில் ஆறு தரங்களாகப் பிரிக்கப்படுகின்றன.

முதல் தரம்: சிற்றலைகள் உள்ள எளிய நீரோட்டம்.
இரண்டாம் தரம்: தெளிவான வழியும் சிறிய அலைகளும் உள்ளது.
மூன்றாம் தரம்: ஒழுங்கற்ற அலைகள் உள்ளது. மிதவையைத் திருப்பிச் செலுத்தும் திறன் தேவை.
நான்காம் தரம்: வலிமை மிக்கது. துல்லியமான கட்டுப்பாடு தேவை.
ஐந்தாம் தரம்: நீண்டதும் பேரிடர் மிக்கதுமானது. தேர்ந்தவர்களுக்கு மட்டும் உரியது.
ஆறாம் தரம்: கடப்பது ஏறத்தாழ இயலாதது எனக் கருதப்படுவது.

ஓர் இடத்தின் தரம் நிலையானதன்று. நீர்மட்டம் உயரும்போது சில விரைவோட்டங்கள் மூழ்கி எளிதாகும். வேறு சில மேலும் கடுமையாகும்.

ரிஷிகேஷில் மிதவைப் பயணம்

பாகீரதியும் அலக்நந்தாவும் தேவப்பிரயாகையில் கூடிக் கங்கை என்னும் பெயரைப் பெறுகின்றன. அங்கிருந்து ரிஷிகேஷ் வரை ஆறு குறுகிய மலைப் பள்ளத்தாக்கின் வழியே ஓடுகிறது. பனியுருகு நீரும் மழைநீரும் இதற்கு ஊட்டம் அளிப்பதால், கோடையிலும் இது வற்றுவதில்லை. பாகீரதியின் குறுக்கே உள்ள டெஹ்ரி அணை 260.5 மீட்டர் உயரமுடையது. இதுவும் இதன் கீழுள்ள கோட்டேஷ்வர் அணையும் மின்னாக்கத்துக்காகத் திறந்துவிடும் நீரைப் பொறுத்தும் ஆற்றின் மட்டம் மாறுபடும்.

பயணிகள் தம் திறனுக்கேற்பப் பின்வரும் தொடக்க இடங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். தொலைவுகள் ரிஷிகேஷ் வரையிலான தோராய அளவுகள் ஆகும்.

பிரம்மபுரி: 9 கி.மீ.
சிவபுரி: 16 கி.மீ.
மரைன் டிரைவ்: 25 கி.மீ.
கௌடியாலா: 36 கி.மீ.

கௌடியாலாவை அடுத்துள்ள தி வால் என்னும் விரைவோட்டம் இப்பகுதியில் மிகக் கடினமானவற்றுள் ஒன்றாகும். சிவபுரிக்குக் கீழே ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ், டபுள் டிரபிள் முதலியன உள்ளன. ஒரு நாள் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் சிவபுரியிலிருந்தே புறப்படுகின்றனர்.

காலையில் மிதவைகளை ஊர்தியின் மேல் ஏற்றிக்கொண்டு பயணிகளுடன் தொடக்க இடத்துக்குச் செல்வர். அங்கு தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிவிக்கப்படும். முன்னோக்கித் துடுப்பிடுதல், பின்னோக்கித் துடுப்பிடுதல், நிறுத்துதல், மிதவைக்குள் குனிந்து அமர்தல் ஆகியவற்றுக்கான கட்டளைகளை வழிகாட்டி கரையிலேயே பழக்குவார். மிதவையில் துடுப்பிடுவோர் இருபுறமும் அமர, வழிகாட்டி பின்புறத்தில் அமர்ந்து திசையைக் கட்டுப்படுத்துவார். மிதவையின் தரையில் உள்ள துளைகள் வழியே உட்புகுந்த நீர் தானாக வடிந்துவிடும். சிவபுரியிலிருந்து செல்லும் பயணம் இரண்டு முதல் மூன்று மணி நேரம் நீடிக்கும்.

செப்டம்பரில் தொடங்கும் பருவம் ஜூன் இறுதியில் முடிகிறது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பருவமழை வெள்ளம் காரணமாக மிதவைப் பயணம் நிறுத்தப்படும்.

தமிழ்நாட்டிலிருந்து ரிஷிகேஷ் செல்வோரிற் பலர் வழிபாட்டின்பொருட்டே செல்கின்றனர். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர் 1936 ஆம் ஆண்டில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை இவ்வூரிலேயே நிறுவினார்.

கம்பிவடச் சறுக்கு

உயரமான ஓர் இடத்திலிருந்து தாழ்வான இடத்துக்குக் கட்டப்பட்ட எஃகு வடத்தில், கப்பிகள் பொருத்திய தள்ளி ஒன்றில் உடற்பட்டையால் பிணைக்கப்பட்ட ஒருவர் தம் எடையாலேயே சறுக்கிச் செல்வது கம்பிவடச் சறுக்கு ஆகும். இதற்கு இயந்திர ஆற்றல் தேவையில்லை. வடத்தின் சரிவு, அதன் தொய்வு, செல்பவரின் எடை, எதிர்க்காற்று ஆகியவை வேகத்தைத் தீர்மானிக்கின்றன. எடை குறைந்தவர் நடுவழியில் நின்றுவிடக்கூடும். எடை மிகுந்தவர் எதிர்பார்த்ததைவிட விரைவாக முடிவிடத்தை அடையக்கூடும். இதனாலேயே எடைக்குக் கீழெல்லை, மேலெல்லை இரண்டும் விதிக்கப்படுகின்றன.

இதன் அடிப்படை புதியதன்று. இமயமலைச் சிற்றூர்களில் கம்பியில் தொங்கும் கூடையில் அமர்ந்து, கயிற்றைக் கையால் இழுத்து ஆற்றைக் கடக்கும் வழக்கம் உள்ளது. ரிஷிகேஷின் லட்சுமண் ஜூலா இருந்த இடத்திலும் முற்காலத்தில் கயிற்றுப் பாலமே இருந்தது. 1889 ஆம் ஆண்டில் அங்கு அமைக்கப்பட்ட இரும்புவடப் பாலத்தை 1924 ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றது. அதற்கு மாற்றாகக் கட்டப்பட்ட தொங்குபாலம் 1930 இல் திறக்கப்பட்டு, 2019 இல் பாதுகாப்புக் கருதி மூடப்பட்டது.

1970களில் கோஸ்ட்டா ரிக்காவின் மழைக்காடுகளில் மரமுடிகளை ஆராய்ந்த உயிரியலாளர்கள் கயிறுகளின் துணையுடன் மரங்களுக்கிடையே சென்றனர். அதன் பின்னரே இது சுற்றுலாவாக வளர்ந்தது. இந்தியாவில் ராஜஸ்தானின் நீம்ரானா கோட்டையில் 2009 ஆம் ஆண்டு சறுக்கு வடங்கள் அமைக்கப்பட்டன. ரிஷிகேஷை அடுத்த மோகன்சட்டியில் ஏறத்தாழ ஒரு கி.மீ. நீளமுள்ள சறுக்கு வடம் உள்ளது.

பாதுகாப்பு

மிதவையிலிருந்து விழுந்தவர் மல்லாந்து மிதந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி வைத்திருக்க வேண்டும். அவ்வாறு செய்தால் பாறைகளைக் காலால் தள்ளி விலகலாம். வேகமாக ஓடும் நீரில் எழுந்து நிற்க முயல்வது கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால், நீரின் விசை உடலை முன்னே தள்ளி மூழ்கடித்துவிடும். நீச்சல் தெரிந்தவரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும். நுரை மிகுந்த நீரில் காற்றுக் கலப்பால் மிதப்பு குறைவாக இருப்பதும், பனியுருகு நீரின் குளிர் தசைகளை விரைவில் சோர்வடையச் செய்வதும் இதற்குக் காரணங்களாகும். குடிபோதையில் உள்ளோரை மிதவையில் ஏற்றுதல் கூடாது.

கம்பிவடத்தில், பிணைப்புகளை இருவர் தனித்தனியே சரிபார்ப்பதும், முந்தியவர் முடிவிடத்தில் இறங்கிவிட்டார் என்பது உறுதியான பின்னரே அடுத்தவரை விடுவிப்பதும் அடிப்படை நெறிகள் ஆகும்.

சட்டமும் சுற்றுச்சூழலும்

உத்தராகண்ட் அரசு மிதவைப் பயணத்துக்கான விதிகளை 2014 ஆம் ஆண்டில் வெளியிட்டது. கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரையிலான கங்கைக் கரை மணற்பரப்பில் கூடாரங்கள் அமைப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஆம் ஆண்டில் தடை செய்தது. மிதவைப் பயணத்தை அத்தீர்ப்பு தடுக்கவில்லை. 2018 ஜூன் மாதத்தில், உரிய கொள்கை வகுக்கப்படும் வரை மிதவைப் பயணம் முதலிய விளையாட்டுகளை நிறுத்திவைக்குமாறு உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பின்னர் அவை மீண்டும் தொடங்கப்பட்டன.

தென்னிந்தியாவும் இலங்கையும்

கர்நாடகத்தின் தாண்டேலியில் காளி ஆற்றிலும், குடகின் பரப்பொளெ ஆற்றில் மழைக்காலத்திலும் மிதவைப் பயணம் நடைபெறுகிறது. இலங்கையில் கேகாலை மாவட்டத்தின் கித்துல்கலையில் களனி ஆறு இதற்குப் பெயர் பெற்றது. அங்கு பிராட்லண்ட்ஸ் நீர்மின் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, மிதவைப் பயணத்துக்கான நீர் குறையும் என்ற கவலை எழுந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமானது தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல் பரிசல் பயணம் ஆகும். பரிசல் வட்டவடிவமானது. மூங்கிலால் முடையப்படும் இதற்கு முன்பு தோலும், பின்னர் நெகிழித் தாளும் போர்த்தப்பட்டன. பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் காவிரியின் நீர்வரத்து மிகும்போது, மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிக்கும்.

சறுக்கு வடத்துக்கு ஆறு தேவையில்லை. உயர வேறுபாடு போதும். எனவே நகரங்களிலும் இதனை அமைக்கலாம். சென்னையில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் 500 மீட்டர் நீளமுள்ள சறுக்கு வடம் உள்ளது.

வறண்ட நிலப்பகுதி: அருப்புக்கோட்டை, திருச்சுழி

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் கரிசல் மண் மிகுந்த சமவெளியில் அமைந்துள்ளன. மாவட்டத்தின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 800 மி.மீ. ஆகும். இதன் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்கிறது. திருச்சுழி வழியே செல்லும் குண்டாறு, கமுதியைக் கடந்து மன்னார் வளைகுடாவை நோக்கிச் செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதி இது மணற்படுகையாகவே காட்சியளிக்கும். அருப்புக்கோட்டை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் மட்டுமே உள்ளதால், கடல் வரையிலான நிலச்சரிவு மிகக் குறைவு. வெள்ளம் வரும் நாட்களிலும் மிதவைப் பயணத்துக்கு ஏற்ற விரைவோட்டங்கள் இங்கு உருவாவதில்லை. வரும் நீர் கால்வாய்கள் வழியே கண்மாய்களுக்குத் திருப்பப்பட்டு, வேளாண்மைக்கும் குடிநீருக்கும் சேமிக்கப்படுகிறது. காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இதன் நீளம் ஏறத்தாழ 262 கி.மீ. ஆகும்.

இரமண மகரிசி 1879 ஆம் ஆண்டில் பிறந்த திருச்சுழியின் பெயரிலேயே நீர்ச்சுழல் உள்ளது. ஊழி வெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்து நிலத்துக்குள் செலுத்திய இடம் இது என்று தலபுராணம் கூறுகிறது.

பேராறு இல்லாத இடத்திலும் நீர்ச்சுழலின் இடர் உண்டு. நல்ல மழைக்குப் பின் தடுப்பணைகள் வழிந்தும் கண்மாய்கள் மறுகால் பாய்ந்தும் செல்லும்போது, குளிப்பதற்காக மக்கள் அங்கு கூடுவர். சுவரின் மேல் வழிந்து விழும் நீர், மலையாற்றுப் பாறையின் கீழ் உள்ளது போன்ற உருள்சுழலை உண்டாக்குகிறது. பாறையின் கீழ் இச்சுழல் ஒரு பக்கமேனும் திறந்திருக்கலாம். தடுப்பணையிலோ அது சுவரின் நீளம் முழுவதும் சீராகப் பரவுவதால் விலகிச் செல்ல வழியிருப்பதில்லை. மேலிருந்து நோக்கும்போது நீர் அமைதியாகவே தோன்றும். விழுந்தவரை அது மீண்டும் மீண்டும் சுவரை நோக்கி இழுத்து அமிழ்த்தும். மடைவாயிலில் நீர் உள்ளிழுக்கப்படுவதும் இதனையொத்த இடர் உடையது.

இத்தகைய இடத்தில் ஒருவரைக் காப்பாற்ற நீரில் குதிப்பவரும் சுழலில் சிக்கக்கூடும். மிதவை வழிகாட்டிகள் கரையில் நின்றபடியே கயிறு எறிந்து மீட்கப் பயிற்சி பெறுகின்றனர். கயிறு இல்லாத இடத்தில் நீண்ட கம்பு, முறுக்கிய வேட்டி அல்லது சேலை, வாய் இறுக மூடிய காலி நெகிழிக் குடம் ஆகியவை உதவும். வழிந்தோடும் தடுப்பணையின் அடியில் இறங்காதிருப்பதே சிறந்த பாதுகாப்பு ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

கங்கை ஆறு
ரிஷிகேஷ்
ஒகேனக்கல் அருவி
பரிசல்
குண்டாறு
திருச்சுழி