பத்து விரலும் கேட்ட திரை

டேப்லெட்டில் இசை உருவாக்குவதைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் 2010இல் தொடங்குகின்றன. அந்த ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி ஐபேட் விற்பனைக்கு வந்தது. படம் பார்க்கவும் செய்தி வாசிக்கவும் செய்யப்பட்ட கருவியை இசைக்காரர்கள் பிற்பாடு தங்கள் வேலைக்கு வளைத்துக்கொண்டார்கள் என்று அந்தக் கதை போகும். என் வாதம் இதற்கு நேர் எதிரானது. ஒரே சமயத்தில் பல விரல்களை உணரும் பரப்பு வேண்டும் என்று மற்ற எந்தத் தொழிலையும்விட நீண்ட காலம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது இசைதான். 1960களின் நடுவில் இங்கிலாந்தின் ராயல் ராடார் நிலையத்தில் ஈ. ஏ. ஜான்சன் தொடுதிரையை முன்வைத்தபோது அவர் மனத்தில் இருந்தது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. திரையில் ஒரு விமானத்தைக் குறிக்க ஒரு விரல் போதும். வங்கி எந்திரத்தில் தொகையைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு விரல் போதும். ஆனால் மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒரு கார்ட் வாசிக்க ஒரு விரல் போதாது. ஒரு கை ஸ்வரத்தை எழுப்பும்போது மறு கை அதன் கனத்தையும் நிறத்தையும் மாற்றியாக வேண்டிய தொழில் இது. திரை இந்தத் தேவையை வந்து எட்டுவதற்கு அரை நூற்றாண்டு ஆனது.

கனடாவின் ஒட்டாவாவில் ஹ்யூ லெ கெய்ன் என்ற இயற்பியலாளர் 1945க்கும் 1948க்கும் இடையில் 'எலக்ட்ரானிக் சாக்பட்' என்ற கருவியை உருவாக்கினார். பார்வைக்கு அது பியானோ கட்டைகள் கொண்ட சிறிய மேசை. ஆனால் வலது கை விரல் ஒரு கட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் சுருதி வளையும். அழுத்தத்திற்கு ஏற்ப ஒலி கூடும், குறையும். இடது கை விரல்கள் தத்தம் இடத்தில் இருந்தபடியே ஒலியின் நிறத்தை மாற்றும். கை முழுவதையும் கருவிக்குள் கொண்டுவர முயன்றவர் அவர். அடுத்த தலைமுறையில் டான் புக்லா இன்னும் ஓர் அடி முன்னே போனார். சான் ஃபிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டருக்காக 1960களின் நடுவில் அவர் செய்த சிந்தசைசரில் பியானோ கட்டைகளே கிடையாது. விரல் பட்டால் உணரும் உலோகத் தகடுகள்தான் இருந்தன. கட்டை இருந்தால் கை பழைய இசையைத்தான் தேடும் என்பது அவர் தரப்பின் எண்ணம். மார்ட்டன் சபோட்னிக் அந்த அமைப்பில் 'சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் த மூன்' என்ற தொகுப்பை 1967இல் வெளியிட்டார். இருந்தும் சந்தையில் வென்றது கட்டைகளோடு வந்த ராபர்ட் மூகின் சிந்தசைசர். இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகளை அதில் வாசித்து 1968இல் வெளியான ஒரு தட்டு பெரும் விற்பனை கண்டதும், சிந்தசைசர் என்றாலே கட்டைப் பலகை என்று ஆகிவிட்டது. தொடு தகடு ஓரத்துக்குத் தள்ளப்பட்டது, ஆனால் மறையவில்லை.

திரையோடு வந்த ஓர் இசைக் கணினி 1979இல் சிட்னியில் பிறந்தது. பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கிய ஃபேர்லைட் கணினியில் பச்சை எழுத்துத் திரையும் ஓர் ஒளிப்பேனாவும் இருந்தன. அந்தப் பேனாவால் திரையிலேயே அலை வடிவத்தை வரையலாம். வரைந்தது ஒலியாகக் கேட்கும். பாரிஸில் இயானிஸ் ஸெனாகிஸ் 1977இல் அமைத்த 'யூபிக்' என்ற வரைபலகையும் இதே ஆசையில் பிறந்ததுதான். ஃபேர்லைட்டைப் பீட்டர் கேப்ரியலும் கேட் புஷ்ஷும் பயன்படுத்தினார்கள்; பெரிய ஸ்டூடியோக்கள் வாங்கின. ஆனால் செங்குத்தாக நிற்கும் திரையின் முன் கையைத் தூக்கிப் பிடித்தபடி எவ்வளவு நேரம் வேலை செய்ய முடியும்? 1985இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒளிப்பேனாவை எடுத்துவிட்டு, கட்டைப் பலகையின் பக்கத்திலேயே வைத்து எழுதும் தட்டைக் கொடுத்தார்கள். திரை படுத்த நிலையில், கைக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது. அதைப் பின்பற்ற வழி இல்லாமல் போனதற்குக் காரணம் அதே ஆண்டு வந்த அட்டாரி எஸ்.டி. கணினி. இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள உதவும் மிடி இணைப்பு அதிலேயே இருந்தது, விலையும் குறைவு. 1989இல் அதில் க்யூபேஸ் என்ற இசை மென்பொருள் வந்தபோது, இசையைக் கிடைமட்டப் பட்டைகளாக அடுக்கி மவுஸால் இழுத்து வைக்கும் முறை நிலைபெற்றது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இசை உருவாக்கம் என்பது ஒரே ஒரு அம்புக்குறியை நகர்த்தும் வேலை. கலவைப் பலகையில் நான்கு ஃபேடர்களை நான்கு விரலால் ஒன்றாக ஏற்றி இறக்கிய ஒலிப்பதிவாளர், இப்போது ஒவ்வொன்றாகச் சொடுக்கினார். மவுஸ் பல வாசல்களைத் திறந்தது என்பது உண்மை. கையிடமிருந்து அது பலவற்றைப் பறித்துக்கொண்டதும் உண்மை.

இந்த இடைவெளியிலும் பல விரல் தொடுதலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த இடங்களில் முக்கியமானது டொரோன்டோ பல்கலைக்கழகம். அங்கே ஆராய்ந்த பில் பக்ஸ்டன் இசையிலிருந்து கணினிக்கு வந்தவர். லெ கெய்னின் பணியை நன்கு அறிந்தவர். எஸ். கே. லீயும் கே. சி. ஸ்மித்தும் அவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஒரே சமயத்தில் பல விரல்களின் இடத்தையும் அழுத்தத்தையும் உணரும் தட்டைப் பற்றியது. இசைக்கருவி வாசிப்பவருக்குப் பத்து விரலுக்கும் தனித்தனி வேலை இருக்கும்போது கணினி ஒரு விரலை மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்பதே அவர்கள் தொடங்கிய இடம். இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பாப் பாய் பல விரல்களை உணரும் திரையைச் செய்திருந்தார். அது தங்களுடையதைவிட முன்னேறியது என்று பக்ஸ்டனே எழுதியிருக்கிறார். ஐபேடின் நேரடி மூதாதை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது ஃபிங்கர்வொர்க்ஸ். தட்டச்சு செய்து கை வலி கண்டவர்களுக்காகத் தொடு பலகைகள் செய்த அந்த நிறுவனத்தை ஆப்பிள் 2005இல் வாங்கியது. ஆகவே பல விரல் தொடுதிரையை இசைதான் கண்டுபிடித்தது என்று சொன்னால் அது மிகை. நான் சொல்வது அதைவிடச் சிறியது, ஆனால் உறுதியானது: ஆய்வகத்தில் பலரும் தொட்டுப் பார்த்த ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி மேடையில் வைக்கும் அளவுக்கு முதலில் தேவைப்பட்டது இசைக்குத்தான்.

அதற்குச் சான்று லெமூர். பிரான்சின் போர்தோ நகரில் ஜாஸ்மியூட்டன்ட் என்ற சிறு நிறுவனம் 2005இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தக் கருவி, பல விரல்களை உணரும் திரையோடு சந்தைக்கு வந்த முதல் பொருள் என்று பரவலாக ஏற்கப்படுகிறது. ஐபோனுக்கு இரண்டு ஆண்டு முந்தியது. பன்னிரண்டு அங்குலத் திரை, அதில் வாங்கியவரே வரைந்துகொள்ளும் ஃபேடர்கள், பொத்தான்கள், துள்ளும் பந்துகள். ஒலியை அது எழுப்பாது. பக்கத்தில் இருக்கும் கணினியை ஆட்டுவிக்கும். விலை இரண்டாயிரம் டாலருக்கு மேல். அப்படியும் வாங்கினார்கள். டாஃப்ட் பங்க் 2006, 2007 மேடைகளில் அதை வைத்துக்கொண்டார்கள். பியோர்க்கின் 2007ஆம் ஆண்டுப் பயணத்தில் லெமூரும், பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் செர்ஜி ஜோர்தாவின் குழு உருவாக்கிய ரியாக்டபிள் என்ற ஒளிரும் மேசையும் சேர்ந்தே போயின. பொதுமக்களுக்கான தொடுதிரை வருவதற்கு முன்பே இசைக்காரர்கள் அதை வைத்து என்ன செய்யலாம் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். ஐபேட் வந்த நாளிலேயே கோர்க் நிறுவனத்தின் 'ஐஎலக்ட்ரைப்' என்ற இசைச் செயலி அதில் கிடைத்ததில் வியக்க ஒன்றுமில்லை. அதே 2010இன் முடிவில் லெமூர் கருவியின் தயாரிப்பு நின்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அது ஐம்பது டாலர் செயலியாக ஐபேடுக்குள் வந்து சேர்ந்தது.

அப்படியானால் ஐபேட் கொடுத்தது என்ன? முதலாவது விலை. லெமூர் வாங்கும் பணத்தில் நான்கு ஐபேட் வாங்கலாம். இரண்டாவது, ஒலியும் திரையும் ஒரே பெட்டிக்குள் வந்தன. மூன்றாவதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள்: தாமதம். விரல் படுவதற்கும் ஒலி கேட்பதற்கும் நடுவே பத்து மில்லி விநாடிக்கு மேல் போனால் தேர்ந்த விரல்களுக்கு அது இடறத் தொடங்கும். ஆப்பிள் தன் மேக் கணினியின் ஒலி அமைப்பையே ஐபேடுக்குக் கொண்டுவந்ததால் அந்த வரம்புக்கு அருகில் நிற்க முடிந்தது. ஆரம்பகால ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றில் தாமதம் நூறு மில்லி விநாடியைத் தாண்டியது. 2017இல் ஆண்ட்ராய்டின் எட்டாம் பதிப்போடு 'ஏஆடியோ' என்ற புதிய வழி வந்த பிறகே நிலைமை சீரடையத் தொடங்கியது. நம் ஊரில் விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருந்த பிள்ளைகள் அதில் தாளம் வாசிக்க முயன்று சலித்துப்போயிருந்தால், குறை அவர்கள் விரலில் இல்லை. 2010 நவம்பரில் ஐபேடுக்கு மிடி வந்தது. 2011 மார்ச்சில் ஐந்து டாலருக்கு கராஜ்பேண்ட் என்ற இசைச் செயலி வந்தது. கண்ணாடிக்கு அழுத்தம் தெரியாது என்பதால், விரல் தட்டும்போது கருவி அதிரும் அளவை அசைவுமானியால் அளந்து, வன்மையையும் மென்மையையும் கணிக்கும் ஓர் உபாயத்தை அதில் செய்திருந்தார்கள். கொரில்லாஸ் குழுவின் டேமன் ஆல்பர்ன் 2010இன் அமெரிக்கப் பயணத்தில் பெருமளவு ஐபேடிலேயே 'த ஃபால்' தொகுப்பைப் பதிவு செய்து, அந்தக் கிறிஸ்துமஸ் அன்று ரசிகர் மன்றத்தாருக்கு வெளியிட்டார்.

டேப்லெட் குறிப்பெடுக்கத்தான் உதவும், முழுமையான உருவாக்கத்துக்கு ஆகாது என்பவர்கள் 'த ஃபால்' தொகுப்பையே சான்றாகக் காட்டுவார்கள்: அதில் வேறு கருவிகளும் இருந்தன, அது ஒரு பயணக் குறிப்பேடு போலத்தான் ஒலிக்கிறது என்று. அதை மறுக்க மாட்டேன். ஐபேட் வந்து பதின்மூன்று ஆண்டு கழித்து, 2023 மே மாதத்தில்தான் ஆப்பிள் தன் முழு அளவு ஒலிப்பதிவு மென்பொருளான லாஜிக் ப்ரோவை அதற்குக் கொடுத்தது என்பதும் அவர்கள் பக்கமே சேரும். நூறு தடங்களைத் தொகுத்துக் கலவை செய்ய மேசைக் கணினியே வசதி. ஆனால் இந்த மறுப்பு டேப்லெட்டைச் சிறிய கணினியாக எடைபோடுகிறது. சாக்பட்டிலிருந்து லெமூர் வரை வந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அது ஒரு வாசிப்புப் பரப்பு. தொகுப்பு வேலையில் பின்தங்குவது அதன் முதன்மைக் குணத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. இன்னொரு மறுப்பு கனமானது. இசைக்கருவியின் உயிர் அது நீடித்து உழைப்பதில் இருக்கிறது. டேப்லெட்டோ சில ஆண்டுகளில் பழசாகிறது. 2017 செப்டம்பரில் ஐபேடுக்கு வந்த ஐஓஎஸ் 11 இயங்குதளம், பழைய 32 பிட் செயலிகள் அத்தனையையும் ஓடவிடாமல் செய்தது. உருவாக்கியவர் புதுப்பிக்காமல் விட்ட இசைச் செயலிகள் அன்றோடு முடிந்தன, அவற்றில் பழகிய விரல்களின் உழைப்போடு. லெமூர் செயலியும் 2022இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய்த்தான் பிழைத்தது. கருவியை வாங்கியவர் அதற்கு உரிமையாளர் இல்லை என்ற இந்த நிலை இசைக்குக் கேடு. எந்த வசதியும் இதை ஈடு செய்யாது.

கண்ணாடியில் விரலுக்குப் பிடிப்பு இல்லை, பார்க்காமல் வாசிக்க முடியாது என்ற குறைக்குக் கர்நாடக இசையிலிருந்து ஒரு பதில் கிடைக்கிறது. கட்டைப் பலகையோடு நமக்குள்ள வழக்கு பழையது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்து 1971 வரை ஒலிபரப்பிலிருந்து விலக்கி வைத்ததற்குச் சொன்ன காரணங்களில் முதன்மையானது, அதில் கமகம் வராது என்பது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைவே அதன் உரு. அதை ஒரு கட்டையில் அழுத்தி நிறுத்தினால் அது தோடி ஆகாது. கீபோர்டு சத்யநாராயணன் சுருதி வளைக்கும் சக்கரத்தை இடது கையால் இயக்கி இதைச் சமாளித்தது பெரும் சாதனை. ஆனால் அது கருவியின் போக்குக்கு எதிராக நீந்தி அடைந்த சாதனை. ஏ. ஆர். ரகுமான் 2009இல் வெளிவந்த 'டெல்லி 6' படத்தின் 'ரெஹ்னா து' பாடலில் வாசித்த கான்டினம், அமெரிக்கப் பேராசிரியர் லிப்போல்ட் ஹாக்கன் செய்த கட்டையற்ற மென்பரப்பு. ஜாருக்கும் அசைவுக்கும் அதில் தடையே இல்லை. விலைதான் தடை. 2015இல் வந்த ஜியோஷ்ரெட் என்ற செயலி அந்த வாய்ப்பை டேப்லெட்டுக்குக் கொண்டுவந்தது. ஸ்டான்ஃபர்டில் தந்தி அதிர்வின் கணிதத்தை ஆராய்ந்தவர்களும் கீபோர்டு கலைஞர் ஜோர்டன் ரூடஸும் சேர்ந்து உருவாக்கியது அது. விரல் சற்றுத் தப்பி விழுந்தாலும் தொடக்க ஸ்வரம் சுருதியோடு சேரும். விரல் நகரத் தொடங்கியதும் திருத்தம் விலகி முழுச் சுதந்திரம் கிடைக்கும். மகேஷ் ராகவன் ஐபேடில் கர்நாடக இசை வாசித்துப் பெயர் பெற்றது இந்த நுட்பத்தின் மேல் நின்றுதான். கண்ணாடி வழுக்குகிறது என்பவர்கள் கோட்டுவாத்தியத்தை நினைத்துப் பார்க்கலாம். அதில் மெட்டுகள் இல்லை. தந்தியின் மேல் உருளைக் கட்டை வழுக்கித்தான் ஓடுகிறது. இடத்தைச் சொல்வது காது. பியானோ வாசிப்பவருக்குக் குறையாகத் தெரியும் வழுவழுப்பு, கமகம் பிடிப்பவருக்கு வழி விடுகிறது.

விரல்களின் இந்தச் சுதந்திரத்துக்கு மிடியும் வளைந்துகொடுக்க வேண்டியிருந்தது. 1983இல் எழுதப்பட்ட அந்த விதிகள் கட்டைப் பலகையை மனத்தில் வைத்தவை. சுருதியை வளைத்தால் ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லா ஸ்வரமும் சேர்ந்து வளையும். ஒரு விரலின் அசைவு மற்ற விரல்களையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தடம் கொடுக்கும் எம்.பி.இ. என்ற விரிவாக்கத்தை மிடி உற்பத்தியாளர் சங்கம் 2018இல் ஏற்றது. லெ கெய்னின் சாக்பட் ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரத்தை மட்டுமே எழுப்பும். அந்த ஒரு ஸ்வரத்துக்கு அவர் கொடுத்த அசைவு ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியே கிடைக்க எழுபது ஆண்டுகள் ஆயின. விரலின் அழுத்தத்தை உண்மையாக உணரும் டேப்லெட் திரை மட்டும் இன்னும் பரவலாகவில்லை. சாக்பட்டின் கட்டைகளில் அது 1948லேயே இருந்தது.